பிள்ளைகள் கிரேயானில் வரைந்த படத்தை லேமினேட் செய்ய வேண்டுமா?



பள்ளி திறந்தால் வகுப்பறைச் சுவர் நிறைந்திருக்க வேண்டும் என்ற ஆசை எல்லாத் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் வரும். இப்போது அந்த ஆசையோடு லேமினேஷனும் சேர்ந்துகொண்டது. எண் அட்டை, எழுத்து அட்டை, கால அட்டவணை என்று தொடங்கி, 1-ஆம் வகுப்புப் பிள்ளை கிரேயானில் வரைந்த மாம்பழம் வரை எல்லாம் பளபளக்கிறது. பாராட்ட வேண்டிய உழைப்புதான். பெரும்பாலும் சொந்தக் காசும்கூட. ஆனாலும் இடைநிலை ஆசிரியராக 33 ஆண்டுகள் சின்ன வகுப்புகளிலேயே இருந்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். அட்டைகளை லேமினேட் செய்யுங்கள். பிள்ளையின் கிரேயான் படத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

முதல் காரணம், பொருளே ஒத்துவராது. கிரேயான் என்பது பாரஃபின் மெழுகும் நிறப்பொடியும் சேர்ந்தது. சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது உருகிவிடும். ஜெராக்ஸ் கடை இயந்திரமோ 100 டிகிரிக்கு மேல் ஓடுகிறது. பிளாஸ்டிக் உறையின் உள்பக்கப் பசை உருகினால்தான் தாளில் ஒட்டும். பசை உருகும் சூட்டில் மெழுகு மட்டும் அப்படியே இருக்குமா? சிவப்பு நீலத்தில் கலக்கும், கோடு பரவும். அழுத்தித் தீட்டிய இடத்தில் பசை பிடிக்காமல் குமிழி விழும். ஓரத்தில் மெழுகு கசிந்தால் உருளையில் ஒட்டி, அடுத்து வருபவரின் தாளிலும் கறை படும். ‘சார், கிரேயான் படம் வேண்டாம்’ என்று சில கடைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவது இதனால்தான். ஆயில் பேஸ்டல் என்றால் இன்னும் மோசம்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம்.

எங்கள் பள்ளியில் 2-ஆம் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டு ஆட்டை வரைந்தாள். வயிறு பெரிதாக, கால் குச்சி குச்சியாக, அழகான ஆடு. உடன் பணியாற்றிய ஆசிரியை ஆசையோடு தன் பணத்தில் லேமினேட் செய்து சுவரில் மாட்டினார். படமும் தப்பித்தது, மெல்லிசாகத் தீட்டியிருந்ததால். நாலைந்து நாள் கழித்து அந்தப் பெண் கிரேயானோடு சுவர் அருகே நின்றாள். வீட்டில் ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, படத்திலும் போட வேண்டுமாம். தேய்த்துப் பார்த்தாள். பிளாஸ்டிக் மேல் கிரேயான் வழுக்கியது. ‘இதுல இனிமே வரைய முடியாதா சார்?’ என்றாள்.

அவள் கேட்டதில் எல்லாம் இருக்கிறது. பெரியவர்களுக்குப் படம் என்றால் முடிந்த பொருள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது நடந்துகொண்டிருக்கும் பேச்சு. நேற்று வரைந்த வீட்டுக்கு இன்று கதவு வைக்கும், நாளை வாசலில் நாயைக் கட்டும். விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-ல் வெளியிட்ட நூலில், பிள்ளைகளின் படம் கிறுக்கலில் தொடங்கிப் படிப்படியாக வளர்வதை வரிசைப்படுத்திக் காட்டினார். நம் வகுப்பிலேயே அதைப் பார்க்கலாம். ஜூன் மாதத்தில் வட்டத்திலிருந்து நேராகக் கால் முளைக்கும் மனிதனுக்கு, மார்ச் மாதத்தில் கழுத்தும் விரலும் வந்துவிடும். இப்படி ஓடிக்கொண்டிருப்பதை லேமினேட் செய்வது, பாதிச் சொல்லில் பிள்ளையின் வாயை மூடுவது போல.

அந்த ஆடு பிறகு ஒரு கண்காட்சிக்குப் போனது. திரும்பி வரவேயில்லை. திருப்பூரில் வேலை பார்த்த அப்பா தீபாவளிக்கு வந்தபோது காட்டுவதற்கு அவளிடம் படம் இல்லை. பளபளப்பாகிவிட்டால் படம் பிள்ளையின் கையைவிட்டுப் பார்வையாளர்களின் பொருளாகிவிடுகிறது. பார்க்க வருபவர்களுக்காகச் சுவரை அலங்கரிக்கிறோமா, அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்காகவா?

‘அப்படியானால் படம் கிழிந்து அழுக்காகிவிடுமே, ஐயா?’ என்று கேட்பீர்கள். செயல்வழிக் கற்றல் தமிழகம் முழுவதும் வந்த காலத்தில் வகுப்பறைக்குள் கம்பிப்பந்தல் கட்டினோம், நினைவிருக்கிறதா? பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடத்தான் அது. துணி கிளிப் நாலணாப் பொருள். பிள்ளை தானே மாட்டும், தானே கழற்றும், வரைந்துவிட்டுத் திரும்ப மாட்டும். வாரம் ஒரு படம் மாறினால் கிழிவதைப் பற்றிக் கவலை எதற்கு?

பாதுகாக்க வேண்டியதை இப்படிப் பாதுகாக்கலாம்:

1. படத்தின் பின்பக்கம் பெயர், தேதி, பிள்ளை அந்தப் படத்தைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம், மூன்றையும் பென்சிலில் எழுதுங்கள். பிள்ளை சொன்னபடியே எழுதுங்கள், இலக்கணம் திருத்த வேண்டாம்.

2. ஆளுக்கொரு கோப்பு போட்டு, படங்களுக்கு இடையே பட்டர் பேப்பர் வையுங்கள். கோடையில் பீரோவுக்குள் மெழுகு இளகி ஒரு படத்தின் நிறம் இன்னொன்றில் ஒட்டாது.

3. சுவரில் சில நாள் நிற்க வேண்டுமென்றால் வாய் திறந்த பிளாஸ்டிக் உறை போதும். வேண்டும்போது வெளியே எடுக்கலாம்.

4. வகுப்புக் கதைப்புத்தகம், எழுத்து அட்டை போன்ற செயல்திட்டத்துக்குப் பிள்ளைகளின் படம் தேவைப்பட்டால், பகல் வெளிச்சத்தில் செல்பேசியில் படம் எடுத்து, கலர் லேசர் பிரிண்ட் போட்டு, அந்த நகலை லேமினேட் செய்யுங்கள். லேசர் பிரிண்ட் சூட்டைத் தாங்கும். நகல் வகுப்புக்கு, அசல் பிள்ளைக்கு.

5. அசலைத்தான் மூட வேண்டும் என்ற கட்டாயம் வந்தால், சூடில்லாத ஒட்டும் தாள் போடுங்கள். சுற்றிலும் அரை அங்குலம் தீட்டாமல் விட்டால்தான் ஓரம் பிடிக்கும்.

லேமினேஷனே தவறு என்று நான் சொல்லவில்லை. முப்பது பிள்ளைகள் தினமும் தொட்டுப் புரட்டும் எழுத்து அட்டைக்கு அது வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பருவம்கூடத் தாங்காது. ஆனால் ஒரு தாளுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 30 படத்துக்கு 600 ரூபாய். அந்தப் பணத்துக்கு எத்தனை வரைதாள் வாங்கலாம்! அரசு தரும் விலையில்லா கிரேயான் பல பள்ளிகளில் முனை மழுங்காமல் டப்பாவிலேயே இருப்பதற்குத் தாள் இல்லாததும் ஒரு காரணம்.

அசல் மதிப்பெண் சான்றிதழை லேமினேட் செய்யாதே என்று பிள்ளைகளுக்கு நாமே சொல்கிறோம். ஒருமுறை மூடினால் பிரிக்க முடியாது, அதில் பிறகு ஒரு முத்திரைகூட வைக்க முடியாது. கிரேயான் படமும் ஓர் அசல்தான். அதில் இன்னும் போட வேண்டிய ஆட்டுக்குட்டிகள் இருக்கலாம்.

இந்தப் பருவத்தில் ஒரு மாதம் மட்டும் இப்படிச் செய்து பாருங்கள். சுவரில் பளபளப்பு குறையும். சுவர் அருகே கிரேயானோடு நிற்கும் பிள்ளைகள் கூடுவார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்