ஜெபித்து எடுக்குமுன் ஓட்டிப் பாருங்கள்

புதிய கார் வாங்கும் விசுவாசிகள் ஷோரூமிலிருந்து நேரே வந்து, போதகரை ஜெபிக்கக் கேட்பது நம் சபைகளில் வழக்கம். அது நல்லதே. ஆனால், "கர்த்தர் தருகிற வாகனத்தைச் சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் அல்லவா?" என்று சிலர் எண்ணுகிறார்கள்.

நெகேமியாவைக் கவனியுங்கள். ராஜாவின் கடிதங்களோடு எருசலேமுக்கு வந்தவர், வேலையைத் தொடங்குமுன் இரவிலே எழுந்து அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் தாம் ஏறிச்சென்ற மிருகம் நுழையவும் இடமில்லை என்பது அங்கே போனபோதுதான் தெரிந்தது (நெகே. 2:12-15). நேரில் ஆராய்வது விசுவாசத்திற்கு விரோதமானதல்ல.

முதலாவது, காரை உங்கள் தெருவுக்கே கொண்டுவாருங்கள். அகன்ற நேர்ச்சாலையில் எந்தக் காரும் நன்றாகவே ஓடும். திருவனந்தபுரத்தின் உள்தெருக்களோ குறுகியவை. இருபுறமும் மதில்கள் நெருக்கும். எதிரே ஆட்டோ வந்தால் ஒதுங்க முடிகிறதா? உங்கள் வாசலில் திருப்ப முடிகிறதா? நீங்கள் வாங்கவிருக்கும் அதே எஞ்சின், அதே கியர் வகை உள்ள வண்டியையே கேளுங்கள். ஓட்டுநர் உரிமத்தை மறவாதிருங்கள்.

இரண்டாவது, குடும்பத்தோடு ஏறுங்கள். ஒருவர் ஏறிய காரும் ஐவர் ஏறிய காரும் ஒன்றல்ல. குடப்பனக்குன்று போன்ற மேட்டில், ஏசி இயங்கும்போதே நிறுத்தி, மீண்டும் புறப்படுங்கள். எஞ்சின் திணறுகிறதா, வண்டி பின்னோக்கி உருளுகிறதா என்று பாருங்கள். வயதான தாயார் முழங்கால் வலியின்றிப் பின்னிருக்கையில் ஏறி இறங்க முடிகிறதா என்று அவர்களிடமே கேளுங்கள்.

மூன்றாவது, கழக்கூட்டம் - கோவளம் பைபாஸில் சற்று வேகமாகச் செல்லுங்கள். பின்னால் வாகனம் இல்லை என்று கண்ணாடியில் உறுதிசெய்தபின் பிரேக்கை அழுத்துங்கள். வண்டி ஒருபுறம் இழுக்கலாகாது. பாட்டை நிறுத்திவிட்டு, பள்ளங்களில் எழும் ஓசையைக் கேளுங்கள். களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாக நாகர்கோவிலுக்கு இரவில் ஊர் போகிறவர்கள், இருட்டும் வேளையில் முகவிளக்கையும் சோதிப்பது அவசியம்.

ஓட்டிப் பார்த்தாலும் தெரியாதது ஒன்று உண்டு. மோதல் நேர்ந்தால் உள்ளிருப்போர் பிழைப்பார்களா? இதற்கென நம் நாட்டில் 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்சிஏபி சோதனை நடைமுறையில் உள்ளது. பெரியவர், குழந்தைகள் பாதுகாப்புக்குத் தனித்தனியே 5 நட்சத்திரம் வரை வழங்குகிறார்கள். இச்சோதனை கட்டாயமல்ல, ஆகையால் எல்லாக் கார்களுக்கும் நட்சத்திரம் இராது. எத்தனை என்று கேட்டறியுங்கள்.

கடைசியாக, மாதத் தவணையையும் ஓட்டிப் பாருங்கள். தவணை, பெட்ரோல், காப்பீடு ஆகியவற்றிற்கு ஆகும் தொகையை, கார் வாங்குமுன்னே மூன்று மாதம் தனியே எடுத்து வையுங்கள். அதன்பின்னும் தசமபாகமும், பிள்ளைகளின் கட்டணமும், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணமும் குறையாதிருந்தால் தைரியமாக வாங்குங்கள். குறைந்தால் காத்திருங்கள். கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று போதித்தவர் நம் ஆண்டவர் (லூக்கா 14:28). "சலுகை இன்றோடு முடிகிறது" என்பார்கள். அன்றே கையெழுத்திடாமல், வீட்டிற்கு வந்து கணவனும் மனைவியும் சேர்ந்து ஜெபித்துத் தீர்மானியுங்கள். சபை வாசலில் கார் நிற்க, வீட்டில் சமாதானம் இல்லாதிருந்தால் அது எப்படி ஆசீர்வாதமாகும்?

கர்த்தர் உங்கள் பயணங்களைக் காத்து நடத்துவாராக. ஆமென்.