தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒரு தேனடை



பள்ளிக்கூடத்துச் சுவரில் தேனீ கூடு கட்டிவிட்டதென்றால் நம்மவர் கைகள் முதலில் தேடுவது பழந்துணி சுற்றிய நீண்ட கழியைத்தான். இருட்டியபின் பந்தம் கொளுத்தி, அடையைப் பொசுக்கி, ஒழுகும் தேனை ஒரு குடத்தில் பிடித்துக்கொண்டு, மறுநாள் காலையில் கருகிக் கிடக்கும் ஈக்களைக் கூட்டித் தள்ளிவிட்டால் காரியம் முடிந்தது. நாமும் சிறு வயதில் அந்தத் தேனை விரலால் வழித்து உண்டவர்களே. ஆதலால் பிறரைக் குறைகூற நமக்கு உரிமை அதிகமில்லை.

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிச் சாலையில், வாய்க்கால் பாசனம் முடிந்து மானாவாரிக் கரிசல் தொடங்கும் இடத்தில் ஒரு பங்குப் பள்ளி உள்ளது. சென்ற ஆண்டு மாசி மாதத்தில் அப்பள்ளியின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. பத்து நாளில் ஒரு முழம் அகலத்திற்கு அடை தொங்கிற்று. ஆண்டுத் தேர்வு நெருங்கும் காலம். பெற்றோர் சிலர் திரண்டு வந்து, “ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு, சிஸ்டர்? இன்றைக்கே ஆள் வைத்துக் கொளுத்திவிடுங்கள்” என்றனர். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். மலைத்தேனீ சினங்கொண்டால் கூட்டமாய் வந்து கொட்டும். ஆள் இறந்ததும் உண்டு.

தலைமையாசிரியையான அருட்சகோதரி உடனே விடை கூறவில்லை. வேளாண்மை கற்ற ஒருவரைக் கேட்டு வந்தார். மலைத்தேனீ ஓரிடத்தில் நிலையாகக் குடியிருப்பதில்லை என்றும், பூக்காலத்தை நாடி மலைக்கும் சமவெளிக்குமாக இடம் பெயர்வது அதன் வழக்கம் என்றும், வேம்பும் புங்கும் புளியும் பூத்து முடிந்தால் தானே எழுந்து போய்விடும் என்றும் அவர் தெரிவித்தார். சகோதரி தொட்டியைச் சுற்றி நெடுந்தொலைவுக்குக் கயிறு கட்டினார். அருகிலிருந்த வகுப்பறையைப் பூட்டிவிட்டு, அவ்வகுப்பை ஆலய முகப்புக்கு மாற்றினார். கல்லெறிதல், புகை, வெடி ஆகிய மூன்றும் கண்டிப்பாகத் தடை. “ஆனி வரையில் பொறுத்துப் பாருங்கள்” என்று பெற்றோரிடம் கேட்டுக்கொண்டார். அரைமனத்துடன் சம்மதித்தனர்.

அத்துடன் நின்றிருந்தால் இதனை எழுத வேண்டிய தேவை இராது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, கயிற்றுக்கு இப்பால் நின்று ஏங்கிப் பார்க்கும் பிள்ளைகளைக் கண்டு, அந்தப் பருவம் முழுவதும் தேனீயையே பாடமாக்கிவிட்டார். நாம் மும்முறை சென்று அவ்வகுப்பில் அமர்ந்தோம்.

முதல் நாள் அவர் கற்பிக்கவில்லை, கேட்டார். தமக்குத் தெரிந்த தேனீக்களைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். பெருந்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன், கொசுத்தேன் என்று நான்கும் வந்துவிட்டன. நகரத்துப் பிள்ளைகளுக்கு இவற்றுள் ஒன்றுகூடத் தெரிந்திருக்குமோ என்பது ஐயமே. மலையிலும் உயர்ந்த கட்டடத்திலும் திறந்தவெளியில் ஒற்றை அடை கட்டுவது மலைத்தேனீ. புதரில் சிறு கிளையைச் சுற்றி உள்ளங்கையளவு அடை கட்டுவது கொம்புத்தேனீ. மரப்பொந்தின் இருட்டில் அடுக்கடுக்காய்க் கட்டுவது அடுக்குத்தேனீ. சுவர் விரிசலில் பிசினால் கூடமைக்கும் கொசுத்தேனீக்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. பிறகு ஆசிரியை, தேனீ மல்லிகைக்கு வரும் என்று சொல்லப்போக, ஒரு சிறுமி எழுந்து, “வராது டீச்சர். நாங்கள் விடிவதற்குள் மொட்டாகவே பறித்துவிடுவோமே” என்றாள். அவள் வீட்டார் மல்லிகைத் தோட்டத்தில் கூலிக்குப் பூப்பறிப்பவர்கள். 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்று உலகெங்கும் பெயர் பரப்பிய மதுரை மல்லி, விரிவதற்கு முன்பே சந்தைக்குப் போய்விடுகிறது. ஆசிரியை தம் கூற்றைத் திருத்திக்கொண்டார். நமக்கு அவர்மேல் மதிப்பு உயர்ந்தது அப்பொழுதுதான்.

வகுப்பில் நடந்தவற்றுள் நம் நெஞ்சில் நிற்பது பூசணிக்கொடிச் சோதனை. இதனை எந்த வீட்டுக் கொல்லையிலும் செய்யலாம் என்பதால் சற்று விரித்துரைக்கின்றோம். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் நெல்லிக்காயளவு பிஞ்சு ஒன்று இருக்கும்; ஆண் பூவுக்கு வெறுங்காம்புதான். மறுநாள் மலரப்போகும் பெண் மொட்டுகள் ஆறினை மாலையிலேயே தெரிந்தெடுத்தனர். இரண்டினை அப்படியே விட்டுவிட்டனர். நான்கினுக்கு மெல்லிய துணிப்பையைப் போர்த்து நூலால் கட்டினர். விடியற்காலையில் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தை, மூடியவற்றுள் இரண்டு பூக்களின் சூல்முடியில் தடவி, மீண்டும் கட்டினர். பூசணிப்பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். ஆகவே வேலை காலை ஏழு மணிக்குள் முடிய வேண்டும். அன்று ஐந்தாம் வகுப்பு முழுவதும் காலைத் திருப்பலிக்கு வந்திருந்தது என்று பங்குத்தந்தை சிரித்துக்கொண்டே நம்மிடம் சொன்னார்.

ஒரு வாரம் சென்றது. திறந்து விட்ட இரண்டும் பருத்தன. கையால் மகரந்தம் தடவியவையும் பருத்தன. தேனீயும் வராது, கையும் படாது மூடிக்கிடந்த இரண்டு பிஞ்சுகளும் மஞ்சளித்துச் சுருங்கிக் கீழே விழுந்தன. ஒரு மாணவன் உதிர்ந்த பிஞ்சைத் தீப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போய், முன்னர்ப் பந்தம் கொளுத்தச் சொன்ன தன் தந்தையிடம் காட்டியதாகக் கேள்விப்பட்டோம். அவர் இரண்டு குழியில் பூசணி போட்டிருப்பவர். என்ன சொன்னார் என்பது தெரியவில்லை.

முருங்கைப் பூவை நாடி வருவோரைக் கணக்கெடுக்க மற்றொரு நாள் பத்து நிமிடம் மரத்தடியில் அமர்ந்தனர். தேனீயைக் காட்டிலும், மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டுகளே அதிகம் வந்தன. அதுவும் ஈக்குலத்தைச் சேர்ந்ததே என்று அறிந்தபோது பிள்ளைகள் நம்ப மறுத்தனர்.

அறுகோணப் பாடம் விரைவில் முடிந்தது. ஒரே அளவுள்ள வளையல்களைத் தரையில் பரப்பி, ஒன்றனைச் சுற்றி எத்தனை நெருக்கமாய் அமையும் என்று கேட்டார் ஆசிரியை. ஆறுதான், ஏழாவதற்கு இடமில்லை. இடைவெளி விடாமல், குறைந்த மெழுகில் சம அறைகள் கட்ட அறுகோணமே சிறந்தது என்பதைத் தாமஸ் ஹேல்ஸ் என்னும் கணித வல்லுநர் மெய்ப்பித்தது 1999ஆம் ஆண்டில்தான்.

இனி நடனம். பூ இருக்கும் இடத்தைத் தேனீ தன் கூட்டத்தாருக்கு உடலை ஆட்டி நடந்து அறிவிக்கிறது என்னும் உண்மையைத் தெளிவாக்கியவர் ஆஸ்திரியாவில் பிறந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ். அதற்காக 1973இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. செங்குத்தான அடையில் நேர் மேலே நடந்தால் ‘சூரியன் இருக்கும் திசையில் போ’ என்று பொருள். வலப்புறம் சாய்ந்தால் சூரியனுக்கு வலப்புறம். நெடுநேரம் ஆட்டினால் நெடுந்தொலைவு. அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் நம் பக்கத்து இலங்கைக்கே வந்து, நம் தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து 1956இல் வெளியிட்டார். கொம்புத்தேனீ மட்டும் கிளையின் மேல் படர்ந்த அடையின் தட்டையான உச்சியில் ஆடுகிறது. பூவை நோக்கி நேராகவே திசை காட்டிவிடுகிறது.

ஆசிரியை கொம்புத்தேனீயிலிருந்து தொடங்கினார். ஒருவன் மைதானத்தில் கடலைமிட்டாயை மறைத்து வைத்து வந்து, திண்ணைத் தரையில் அத்திசை நோக்கி இடுப்பை ஆட்டி நடப்பான். ஏனையோர் தேடிச் செல்வர். இது எளிதாகவே வந்தது. பின்னர்க் கரும்பலகையில் விரலால் ‘நடக்க’ வேண்டும். பலகையின் மேற்பக்கமே சூரியன். இது கடினம். சித்திரை தொடங்கிய நாளில், நண்பகலில் இவ்விளையாட்டை நடத்தியபோது எல்லாம் குழம்பிப்போயிற்று. மதுரையில் ஏப்ரல் நடுவில் உச்சிப்பொழுதுச் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். எந்தத் திசையைச் சூரியன் திசை என்பது? “அப்படியானால் தேனீ அப்போது என்ன செய்யும்?” என்று ஒருத்தி கேட்டாள். ஆசிரியைக்கு விடை தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டியபோது, வெப்ப நாடுகளில் அந்தச் சிறு பொழுதில் தேனீயின் நடனமும் தடுமாறுகிறது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருப்பதை அறிந்தோம். அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினோம்.

மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்கலாமா என்று பிள்ளைகள் துளைத்தெடுத்தனர். முடியாது, திறந்தவெளியில் ஒற்றை அடை கட்டுவது பெட்டிக்குள் அடங்காது. நம் நாட்டுத் தேனீக்களில் பெட்டியில் வளர்க்க முதலில் பழக்கியது பொந்தில் வாழும் அடுக்குத்தேனீயையே. இங்கே நம் குடும்பங்கள் அறிய வேண்டிய ஒரு பெயர் உண்டு. இயேசு சபைக் குருவான நியூட்டன் அடிகளார் திருச்சிராப்பள்ளியை மையமாகக் கொண்டு, 1911க்கும் 1917க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், இந்தியத் தேனீயின் சிறிய உடலுக்கு ஏற்ற சிறு பெட்டியொன்றை அமைத்து, கிராம மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தார். அடிப்பாகத்தில் ஏழு சட்டங்கள் கொண்ட அப்பெட்டி இன்றும் ‘நியூட்டன் பெட்டி’ என்றே வழங்குகிறது. இவ்வாறு கழற்றி மாட்டும் சட்டங்களுக்கு வழிவகுத்தவர் அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத். அடைகளுக்கிடையே ஒரு தேனீ செல்லுமளவே சந்து விட்டால் அதனை அது மெழுகால் அடைப்பதில்லை என்று 1851இல் உணர்ந்தார். அவரும் போதகராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவரே.

1990களின் தொடக்கத்தில் ‘தாய் சாக்குப் புழு’ என்னும் நச்சுயிரி நோய் தென்னகத்தில் பரவி, அடுக்குத்தேனீப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை வெறுமையாக்கிவிட்டது. இத்தாலியத் தேனீ பரவலாக வந்ததும் அதன் பின்னரே. பெட்டி வைக்க விரும்பும் குடும்பத்தார் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையும் கூறுவது நம் கடமை. தேனீ கொட்டினால் கொடுக்கை நகத்தாலோ அட்டை விளிம்பாலோ உடனே நீக்கிவிடுங்கள். தாமதிக்குமளவுக்கு நஞ்சு ஏறும். கொட்டிய இடத்திலிருந்து எழும் மணம் ஏனைய ஈக்களையும் அழைப்பதால் அவ்விடத்தை விட்டு விலகிக் கட்டடத்துக்குள் செல்லுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ, பல கொட்டுகள் விழுந்திருந்தாலோ, கைவைத்தியம் பார்த்துக் காலம் போக்காமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது தொட்டியடியில் ஈக்கள் இல்லை. எந்நாளில் எழுந்தன என்று காவற்காரருக்கும் தெரியவில்லை. வெறும் அடை மட்டும் சாம்பல் நிறத்தில் தொங்கியது. அவர் ஏணி வைத்து அதனை அறுத்து இறக்கினார். வெந்நீரிலிட்டு உருக்கி, துணியில் வடிகட்டி ஆறவிட்டபோது, எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு மெழுகுக் கட்டி கிடைத்தது. பாஸ்காத் திருவிழிப்பில் பாடப்பெறும் புகழுரையில் தேனீயின் பெயர் வருவதை அருட்சகோதரி எடுத்துக் கூறவே, பாஸ்காத் திரியோடு சேர்க்கக் கோவிலுக்குக் கொடுக்கலாம் என்றனர் பாதிப் பேர். அறிவியல் அலமாரியில் வைக்க வேண்டும் என்று மறுபாதியினர் பிடிவாதமாய் நிற்கின்றனர். நாம் கடைசியாகச் சென்றபோது அது ஆசிரியையின் மேசை இழுப்பறையில், பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது.