கத்தரிக்கோலுக்கு முந்திய அச்சம்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக மலையேறுவோர், ரிவர்ஸ்டனில் மூடுபனிக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் அலைபரப்புக் கோபுரத்தைக் காண்பர். காட்சி எவ்வளவு தொலைவு செல்லும் என்பதைக் கோபுரத்தின் உயரம் தீர்மானிக்கிறது. எந்தக் காட்சி செல்லும் என்பதைத் தீர்மானிப்பவரோ வேறு.

1997இல் தலாய் லாமாவின் வாழ்வைக் கூறும் 'குண்டூன்' என்ற படத்தை டிஸ்னி நிறுவனம் வெளியிட்டது. சீனம் சினந்தது. மறு ஆண்டே நிறுவனத் தலைவர் பெய்ஜிங் சென்று, அப்படம் ஒரு தவறு என்று வருத்தம் தெரிவித்தார். 2012இல் வெளிவந்த 'ரெட் டோன்' படத்திலோ, படையெடுத்து வருவோராகக் காட்டப்பட்டிருந்த சீனரைக் கணினியின் துணைகொண்டு வடகொரியராக மாற்றினர். சீனத் தணிக்கையாளரின் கைக்குப் படம் போகுமுன்பே இது நடந்தது! 2021இல் ஹொங்கொங்கில் தொடங்கிய டிஸ்னியின் இணையச் சேவையில், தியனன்மென் சதுக்கத்தைக் குறிப்பிடும் 'சிம்ப்சன்ஸ்' அத்தியாயம் மட்டும் ஓசையின்றி விடுபட்டிருந்தது.

காரணம் வெளிப்படை. 2012ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி, வருவாயில் பங்கு பெறும் வெளிநாட்டுப் படங்களுக்குச் சீனம் ஒதுக்கிய இடம் ஆண்டுக்கு 34. வாயில் குறுகியது, உள்ளே சந்தையோ பெரியது. ஒரே வணிகனை நம்பி மிளகு பயிரிடும் மாத்தளை உழவன், விலை பேசும் உரிமையை அறுவடைக்கு முன்பே இழந்துவிடுவதில்லையா? கோடிகளில் புரளும் நிறுவனங்களின் நிலையும் அதுவே.

இது தொலைதூரத்துக் கதையன்று. 'இந்தியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாம் படத்துக்கு இந்திய அரசு கதை மாற்றம் கேட்டபோது, படக்குழு 1983இல் கண்டிக்கு வந்தது. அப்படம் இந்தியரை இழித்துக் காட்டியது என்ற குறை நியாயமானதே. அக்குறையைத் திரையில் கண்டு கண்டிக்கும் உரிமை மக்களுக்கு உண்டு. 2011இல் சல்மான் ருஷ்டியின் நாவலைத் தீபா மேத்தா இலங்கையில் படமாக்கியபோது, ஈரானின் ஆட்சேபத்தால் அனுமதி நிறுத்தப்பட்டது. பின்னர் அன்றைய ஜனாதிபதியின் தலையீட்டால் அது மீண்டது. ஒருவர் மனம் வைத்தால் திறக்கும், மற்றொருவர் முகம் சுளித்தால் மூடும் கதவை உரிமை என்று அழைக்கலாமா?

எம்மவர் குறையையும் மறைக்க நாம் விரும்பவில்லை. போருக்குப் பின் ஒரு தமிழ்ப் பெண்ணும் முன்னாள் சிங்களப் படைவீரனும் வாழ்ந்த வாழ்வைச் சொன்ன பிரசன்ன விதானகேயின் படம், 2014இல் சென்னைத் திரையரங்குகளிலிருந்து மிரட்டலால் அகற்றப்பட்டது. வாய் அடைக்கப்பட்ட துன்பத்தை அறிந்த இனம், பிறர் வாயை அடைக்கலாகாது. இன்று நாம் பிறருக்கு நியாயமாக்கும் பூட்டு, நாளை எமது கதவிலேயே தொங்கும்.

ஆதலின் நாம் கேட்பது இது: எந்த அரசு தணிக்கை செய்தாலும், வெட்டியது எது, ஏன், யார் என்பதை எழுத்தில் வெளியிடட்டும். மேன்முறையீட்டுக்கு வழி இருக்கட்டும். கட்டணம் பெறும் நிறுவனங்கள், நீக்கியவற்றைப் பார்வையாளருக்கு அறிவிக்கட்டும். வெட்டப்பட்ட காட்சியைப் பற்றி மக்கள் வாதாடலாம். அச்சத்தால் எழுதப்படாமலே போன காட்சிக்காக வாதாட எவர் உளர்?

ரிவர்ஸ்டனின் மூடுபனி வெயிலேறினால் விலகும். அச்சம் கவிழ்க்கும் பனியோ, மக்கள் கேள்வி கேட்டாலன்றி விலகாது. கேட்போம்!