அக்காமார்கள் எழுதிக் கொடுக்கும் பங்கு

முகூர்த்த நாளென்றால் தமிழ்நாட்டின் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் கொடுக்கிறார்கள். வீடு, மனை வாங்க வருவோரின் வரிசையில் விடுதலைப் பத்திரம் எழுத வரும் குடும்பங்களும் நிற்கும். அப்பா காலமாகி, வாரிசுச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது. அண்ணனே கார் வைத்துத் தங்கையை அவள் ஊரிலிருந்து அழைத்து வந்திருக்கிறார். பத்திர எழுத்தர் விரல் வைத்துக் காட்டும் இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போடுகிறாள். கேமரா முன் உட்காருகிறாள். கைரேகைக் கருவியில் கட்டைவிரலை அழுத்துகிறாள். “சம்மதிச்சுத்தானே எழுதிக் குடுக்கறீங்க?” என்று சார்பதிவாளர் கேட்கும்போது அவள் முதுகுக்குப் பின்னால் அண்ணனும் அண்ணியும் நிற்கிறார்கள். “ஆமாங்க சார்” என்கிறாள். பூர்வீக நிலத்திலும் வீட்டிலும் அவளுக்கிருந்த பங்கு அத்தோடு போயிற்று.

அந்தப் பங்கு அவள் கைக்கு வந்து சேரவே முக்கால் நூற்றாண்டு பிடித்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்றாமல் இழுத்தடித்ததை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லி, 1951-ல் அம்பேத்கர் அமைச்சர் பதவியை விட்டு வெளியேறினார். 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. ஆனால் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை மகனுக்கு மட்டுமே என்றிருந்தது. குடியிருக்கும் வீட்டைப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்கக்கூட மகளுக்கு வழியில்லை. ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ளும் வரை அவள் காத்திருக்க வேண்டும்.

கருணாநிதி ஆட்சியில் தமிழ்நாடு அந்தச் சுவரை உடைத்தது. 1989 மார்ச் 25 முதல் மகளும் மகனைப் போலவே கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை பெற்றாள். பெரிய காரியம்தான். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே மணமான பெண்களுக்கு இது பொருந்தாது என்று ஒரு விலக்கு இருந்தது. ஒரே வீட்டில், பிப்ரவரியில் கல்யாணமான அக்காவுக்கு ஒன்றுமில்லை. ஜூனில் கல்யாணமான தங்கைக்குப் பங்கு உண்டு. மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்த அக்காக்களுக்கும் கதவு திறந்தது. அதன் பிறகும் குழப்பம் தீரவில்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, அப்பா அன்று இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்து வைத்தது.

இவ்வளவு பாடுபட்டு வந்த உரிமையை ஒரு முற்பகலில் ஏன் எழுதிக் கொடுக்கிறார்கள்?

“நாளைக்கு ஒண்ணுன்னா அண்ணன் வீட்டு வாசலுக்குத்தானே போகணும்” என்பார்கள். பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். மகள் பெரியவளானால் தாய்மாமன் சீர் வர வேண்டும். அவள் கண்ணை மூடினால்கூடப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். பங்கு கேட்டவளுக்கு இதெல்லாம் நின்றுபோகும் என்று யாரும் வாய்விட்டு மிரட்டுவதில்லை. மிரட்டத் தேவையும் இல்லை. கேட்டுவிட்ட ஒருத்தியை ஊர் எப்படிப் பேசியது என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். வசதியாக வாழும் அக்கா, நொடித்துப்போன தம்பிக்கு மனதார விட்டுக்கொடுப்பதும் நடக்கிறது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நொடித்துப்போன அக்காவுக்குத் தம்பி தன் பங்கை எழுதிக் கொடுத்த கதையை எத்தனை ஊரில் கேட்டிருக்கிறோம்?

“நகை போட்டுக் கட்டிக் கொடுத்தோமே, அதுதான் அவள் பங்கு” என்ற வாதம் தவறாமல் வரும். அந்த நகையில் எத்தனை பவுன் கணவனின் கடையை நிமிர்த்த அடகுக்குப் போனது என்பது வேறு விஷயம். மகனை இன்ஜினீயரிங் படிக்கவைத்த செலவை, அவனுக்குத் தொழில் வைத்துக் கொடுத்த பணத்தை, பாகப்பிரிவினையின்போது அவன் பங்கிலிருந்து யாராவது கழிக்கிறார்களா? மகளுக்குச் செய்தது மட்டும் ஏன் கணக்கில் ஏறுகிறது?

அப்பா அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொள்பவன் மகன்தானே என்பார்கள். மணமான மகளுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது. 2007-ன் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் மகன், மகள் என்று பிரித்துப் பார்க்கவில்லை. சட்டத்தை விடுவோம். அறுவை சிகிச்சை முடிந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு கண்விழிப்பது பெரும்பாலும் யார் என்பதை எந்த வார்டிலும் போய்ப் பார்க்கலாம்.

ஒரு காணி நிலமோ ஒரு வீடோ பெண்ணின் பெயரில் இருந்தால் என்ன மாறிவிடும் என்று கேட்போருக்கு, பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்து 2005-ல் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்கிறது. நிலமும் வீடும் இல்லாத மணமான பெண்களில் 49 சதவீதம் பேர் மணவாழ்க்கையில் அடி உதை பட்டிருந்தார்கள். இரண்டும் சொந்தமாக வைத்திருந்த பெண்களில் அது 7 சதவீதம். போக ஓர் இடம் இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும், அடிக்கக் கை ஓங்குபவனுக்கும் தெரியும்.

பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பதிவுசெய்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாடு அரசு சலுகை தருகிறது. நல்ல திட்டம். பெண்கள் சொத்து வாங்க ஊக்கம் கொடுக்கும் அதே அலுவலகத்தில், இருக்கும் சொத்தை அவர்கள் இழந்து போவதையும் துறை கவனிக்க வேண்டும். மகள் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு விடுதலைப் பத்திரத்திலும், அவள் விடும் பங்கு வழிகாட்டி மதிப்பின்படி எவ்வளவு பெறும் என்பதை ரூபாய்க் கணக்கில் எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டட்டும். சம்மதத்தை, உடன்பிறந்தவர்களை வெளியே உட்காரவைத்து அவளிடம் தனியாகக் கேட்கட்டும். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது; தாலுகா அளவில் அதற்கான குழுக்களும் இருக்கின்றன. பதிவுக்கு டோக்கன் போடும்போதே அந்தக் குழுவின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அவள் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிவைக்கத் துறைக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.