சுக்கான் எங்கே ஸார்?

2005 மார்ச் 6. கியூபாவின் வரடேரோவிலிருந்து கனடாவின் க்யூபெக் நகருக்கு ஏர் ட்ரான்ஸாட் கம்பெனியின் ஏர்பஸ் ஏ310 கிளம்பியது. பயணிகள், சிப்பந்திகள் சேர்த்து 271 பேர். 35,000 அடி உயரத்தில் 'டமால்' என்று ஒரு சத்தம். விமானம் கல்யாண ஊர்வலக் குதிரை மாதிரி பின்பக்கத்தை ஆட்ட ஆரம்பித்தது. பைலட்கள் சமாளித்து, திரும்பி, கிளம்பிய ஊரிலேயே இறக்கிவிட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. இறங்கி வந்து பார்த்தால் வாலில் இருக்க வேண்டிய சுக்கானைக் காணோம். ஓரமாக நாலு துண்டுகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்தச் சுக்கான் ஒரு ஸாண்ட்விச்.

வெள்ளரிக்காயும் புதினா சட்னியும் ஞாபகம் வந்தால் தப்பில்லை, அமைப்பு அதேதான். மேலும் கீழும் கார்பன் இழைத் தகடு, பிரெட் ஸ்லைஸ் போல. நடுவில் தேன்கூடு. அந்தத் தேன்கூடு எதில் செய்தது என்கிறீர்கள்? காகிதத்தில்! நோமெக்ஸ் என்கிற அராமிட் காகிதத்தை ஃபீனாலிக் பிசினில் முக்கி எடுத்தது. 'காகிதத்தை நம்பியா ஸார் பறக்கிறோம்?' என்று அலறாதீர்கள். காரணம் இருக்கிறது.

ஒரு தகட்டை வளைத்தால் மேல்பக்கம் நசுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும், நடுப்பகுதிக்குப் பெரிசாக வேலை இல்லை. அதனால் பலத்தையெல்லாம் இரண்டு ஓரத்திலும் வைத்துவிட்டு, நடுவில் லேசாக எதையாவது போட்டு விலக்கி வைத்தால் போதும். டி.வி. வரும் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பாருங்கள், நடுவில் நெளிநெளியாக அதே சூட்சுமம். கணக்கைக் கேளுங்கள்: தகட்டை இரண்டாகப் பிளந்து, இடையே தேன்கூடு வைத்து மொத்த கனத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு சுமார் 7 மடங்கு. எடை கூடுவது 3 சதவிகிதம். நாலு மடங்கு கனமாக்கினால் விறைப்பு 37 மடங்கு, எடை 6 சதவிகிதம்தான். எந்த சீட்டுக் கம்பெனியும் இப்படிச் சொன்னால் போலீஸில் புகார் கொடுப்போம். இது நிஜம். 1940-லேயே பிரிட்டிஷ்காரர்கள் பால்ஸா மரத்தை நடுவில் வைத்து 'மஸ்கிடோ' விமானத்தைப் பறக்கவிட்டுவிட்டார்கள்.

வில்லன் பசை. நடுவில் இருப்பவரின் உத்தியோகம் மேலேயும் கீழேயும் இருப்பவர்களைப் பிடித்து வைத்திருப்பது, ஒருவர் மேல் ஒருவர் சறுக்காமல் பார்த்துக்கொள்வது. (ஹெட் கிளார்க்குகளுக்குப் புரியும்.) பசை விட்டுப்போனால் மிஞ்சுவது இரண்டு மெல்லிய தகடுகள், கையால் வளைக்கலாம். ஸ்பானர் கைதவறி விழுந்தால் போதும், வெளியே கீறல் கூட இல்லாமல் உள்ளே விட்டுப்போயிருக்கும். ஈரம் புகலாம். விசாரணை நடத்திய கனடா அதிகாரிகளும் தகடு தேன்கூட்டிலிருந்து பிரிந்ததையோ, தேன்கூடே கிழிந்ததையோதான் சந்தேகித்தார்கள். இதைக் கண்டுபிடிக்க விமானக் கொட்டகையில் ரொம்ப நாளாக ஒரு முறை உண்டு: தட்டிப் பார்ப்பது. 'டிங்' என்றால் சரி, 'தொப்' என்றால் கோளாறு. தர்பூசணி வாங்கும் அதே டெக்னிக்.

நாசாவும் தப்பவில்லை. எக்ஸ்-33 ராக்கெட் விமானத்துக்கான ஹைட்ரஜன் தொட்டியும் ஸாண்ட்விச்தான். 1999 நவம்பரில் சோதனை முடிந்து காலி செய்தபிறகு தகடு உரிந்துவிட்டது. 2001-ல் திட்டத்துக்கே மூடுவிழா.

இங்கேதான் நானோ வருகிறது. (டாடா கார் இல்லை.) உங்கள் தலைமுடியை, இருந்தால், நீளவாக்கில் ஏறக்குறைய எண்பதாயிரமாகப் பிளந்தால் ஒரு நானோமீட்டர். 1991-ல் ஜப்பானின் சுமியோ இஜிமா பார்த்துச் சொன்ன கார்பன் நானோ குழாய்கள் அந்த சைஸ்காரர்கள். 2000-ல் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்ததில் 11 முதல் 63 கிகாபாஸ்கல் வரை தாங்கின. நல்ல பியானோ கம்பி 2, 3-லேயே 'போதும்' என்றுவிடும். இவற்றை எபாக்ஸிப் பசையில் கலந்தால், விரிசல் ஓடும்போது குறுக்கே நின்று பிடித்துக்கொள்ளும். மண் சுவரில் வைக்கோல் கலந்த தாத்தாவுக்கு இது தெரியும்.

சிக்கல், உப்புமா சிக்கல். ரவையை மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டுமே, நானோ குழாய்களும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு விடாது. அந்தக் கட்டியிலிருந்தே விரிசல் கிளம்பும், சேர்க்காமலே இருந்திருக்கலாம். அதிகம் போட்டால் பசை இட்லி மாவாகி, ஊற்றினால் ஓடாது. அதனால் அரை சதவிகிதம் அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். அல்ட்ராசானிக்கில் அதிரவைத்து, மூன்று உருளைக்கு நடுவே நசுக்கி, அமிலத்தில் போட்டு மேலே கொக்கிகள் முளைக்கவைத்து... உப்புமா எவ்வளவோ தேவலை. மலிவாக வேண்டுமென்றால் நானோ களிமண் இருக்கிறது. டொயோட்டா 1980-களிலேயே நைலானில் கலந்து கார் பாகம் செய்தது. ஃபோம் நடுப்பகுதியில் சேர்த்தால் குமிழிகள் பொடிசாகி நெருக்கமாக வரும்.

எனக்குப் பிடித்தது எம்.ஐ.டி. (குரோம்பேட்டை அல்ல, அமெரிக்கா) ஆசாமிகள் 2008-ல் வெளியிட்ட முறை. பசையில் கலக்காமல், நானோ குழாய்களை நெல் நாற்று மாதிரி செங்குத்தாக வளர்த்து, கார்பன் அடுக்குகளுக்கு இடையே நட்டுவிடுகிறார்கள். உரிப்பதற்கு எதிரான பிடிப்பு ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு, சறுக்கலுக்கு எதிராக மூன்று மடங்கு. புத்திசாலித்தனம்! எங்கே விட்டுப்போகுமோ அங்கே மட்டும் செலவு. ஆனால் இது சின்னத் துண்டுகளில் வந்த கணக்கு. ஆளை விட உயரமான சுக்கானில் ஒரு கட்டி, ஒரு காற்றுக்குமிழி இல்லாமல் செய்வது வேறு வேலை. 'நானோ கலந்தது' என்று லேபிள் ஒட்டிய எதையும் நான் அதற்காகவே சந்தேகத்தோடு பார்க்கிறேன்.

இன்னொரு சௌகரியம் உண்டு. நானோ குழாய் மின்சாரம் கடத்தும். பசைக்குள் விரிசல் விழுந்தால் அந்தப் பாதை அறுந்து மின்தடை ஏறும். வெளியே ஒரு மீட்டரை மாட்டினால், உள்ளே எங்கோ விட்டுப்போனதை ஸாண்ட்விச்சே சொல்லிவிடும். சோதனைச்சாலையில் இது நடக்கிறது. விமானக் கொட்டகையில் இன்னமும் ஒருத்தர் காதைத் தீட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருக்கிறார்.