வானத்து வேலி

இரு நகரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அறிந்துவிட்டால், விமானம் பறக்கும் நேரத்தை ஒரு வகுத்தற் கணக்கால் கண்டுவிடலாம் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று. அந்நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் காற்றுக்கு ஆற்றல் உண்டு. அரசுகளின் நட்புக்கும் பகைக்கும் அதனினும் பெரிய ஆற்றல் உண்டு என்பதே என் கருத்து.

பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியையும், ஜப்பானின் தலைநகராகிய டோக்கியோவையும் எடுத்துக்கொள்வோம். சுவரில் தொங்கும் நிலப்படத்தை இதற்கு நம்ப வேண்டா. உருண்டையைத் தட்டையாக்கிக் காட்டுவது அது. உங்கள் பள்ளியில் உலக உருண்டை இருக்குமாயின், அதன்மேல் இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கே ஏறிச் சென்று, ருஷ்யாவின் சைபீரியப் பெருநிலத்தின் மீது படிந்து கிடக்கும். அதுவே மிகக் குறுகிய வழி. ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். 2022-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை பின்லாந்து விமானங்கள் அவ்வழியை ஒட்டியே பறந்து, ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோவை அடைந்தன. திரும்பும்போது மேலைக் காற்று எதிர்ப்பதால் நேரம் சற்றே மிகும், அவ்வளவுதான்.

அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் ருஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் பல ருஷ்ய விமானங்களுக்குத் தம் வான்வெளியை அடைத்தன. ருஷ்யாவும் அந்நாட்டு விமானங்களுக்குத் தன் வான்வெளியை அடைத்தது. நகரங்கள் இடம்பெயரவில்லை, நூலின் நீளமும் மாறவில்லை. ஆயினும் விமானங்கள் வடதுருவத்தின் மேலாகவோ, தெற்கே மத்திய ஆசியாவின் வழியாகவோ சுற்றிச் செல்ல நேர்ந்தது. பயணம் ஏறத்தாழப் பதின்மூன்று மணி நேரமாயிற்று. மிகுதியான அம்மூன்றரை மணி நேரத்தில் எரியும் எண்ணெயை எண்ணிப் பாருங்கள்! அவ்வெண்ணெயைச் சுமப்பதற்கும் வேறு எண்ணெய் வேண்டுமன்றோ?

இத்துன்பம் புதியதும் அன்று. 1983-இல் ஃபின்னேர் நிறுவனம் இவ்விரு நகரங்களுக்கும் இடையே இடைநில்லா விமானத்தை விடத் தொடங்கியபோது, அது சோவியத் வானைத் தவிர்த்து வடதுருவத்தின் மேலாகவே சென்றது. அன்றும் ஏறத்தாழப் பதின்மூன்று மணி நேரமே. நாற்பது ஆண்டுகளில் எஞ்சின்கள் எவ்வளவோ திருந்தின; கடிகாரமோ புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது.

தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளியில் ஒவ்வொரு நாட்டுக்கும் முழு உரிமை உண்டு என்பதை 1944-இல் சிகாகோ நகரில் உருவான உடன்படிக்கை ஏற்றுள்ளது. அவ்வுரிமையை நான் மறுக்கவில்லை. போர்க்காலத்தில் அயலார் விமானம் தலைக்குமேல் பறப்பதை எந்த அரசுதான் பொறுக்கும்? ஆனால் அதற்கு விலை தருவோர் படை நடத்துவோர் அல்லர். மகளைக் காணப் புறப்பட்ட தாய் தருகிறாள். கல்வி தேடிச் செல்லும் மாணவன் தருகிறான். அவர்களுள் எவரும் போரை விரும்பியவர் அல்லர்.

துருவத்தைக் கடந்த பயணிகளுக்கு விமானத்தில் ஒரு சான்றிதழ் வழங்கினார்கள். பெற்றவர்கள் மகிழ்ந்தும் இருப்பார்கள். நானாயின், அத்தாளுக்கு மாற்றாக அந்த மூன்றரை மணி நேரத்தையே கேட்டிருப்பேன்.