கடல் கடந்த கட்டுமரம்

அரிய ஆங்கிலச் சொற்களை எத்தனை முறை நெட்டுருப் போட்டாலும் மறந்துபோகிறதா? வீட்டருகே இருக்கும் சொல்லிலிருந்து தொடங்குங்கள்.

காசிமேட்டில் இன்று விசைப்படகும் ஃபைபர் படகும்தான் மிகுதி. முன்பு கட்டுமரங்கள். மரங்களைக் கயிற்றால் இறுகக் கட்டினால் படகு; கரை சேர்ந்ததும் அவிழ்த்துக் காய வைப்பார்கள். ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1690-இல் சென்னைக்கு வந்தார். 1697-இல் வெளியான தம் பயண நூலில் இந்தப் படகைப் பற்றி எழுதினார். நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று.

ஆனால், இன்று அகராதியைப் புரட்டினால் இரட்டை உடல் கொண்ட படகுக்கும் அதே பெயர். கண்ணாடியிழையில் செய்யும் அந்தச் சொகுசுப் படகில் கட்டும் இல்லை, மரமும் இல்லை! எழுத்துக்கூட்டலை மட்டும் படித்துப் பொருளை விட்டால் இங்கேதான் ஏமாறுவீர்கள்.

சுருட்டு 'செரூட்' ஆனது. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' சூப் ஆனது. அதில் இறைச்சியையும் போட்டுவிட்டார்கள். பாவம், நம் ரசம்!

திருவொற்றியூரில் 'கார்போரண்டம்' தொழிற்சாலையின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். கார்பன், கொரண்டம் இரண்டும் சேர்ந்த சொல் அது. கொரண்டம், கடினத்தில் வைரத்துக்கு அடுத்ததாக வைக்கப்படும் கல். மாணிக்கமும் நீலக்கல்லும் அந்த இனமே. அதன் தமிழ்ப் பெயர் குருந்தம். அங்கிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது. எழுத்துக்கூட்டலை அகராதியில் நீங்களே தேடி, நோட்டில் எழுதி வையுங்கள்.